இரும்பக்கா போட்ட முதல் லீவு

அந்தத் தெருவில் நின்று கோட்டு தைக்கும் கடை எங்கே என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். இரும்பக்கா கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்து வழி காட்டுவார்கள். மருந்துக்கடைக்கு மேல் மாடி, படி ஏறியதும் முதல் கதவு. ஒரே நீள அறை. ஜன்னல் ஓரம் இரண்டு தையல் மெஷின், பக்கத்தில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று, நடுவில் நாலு பேர் தாராளமாகப் படுக்கிற அளவுக்கு வெட்டும் மேசை, அதன்மேல் அடுக்கை மொத்தமாக வெட்டும் கை மெஷின், மூலையில் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் ஒரு ஸ்டூல். ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் முழங்கால் வரை வரும் இளநீலக் கோட்டு தைத்துக் கொடுப்பதுதான் தொழில்.

"பதினாறு வருஷமா என் தலைக்கு மேல உக்காந்திருக்காங்க. ஒரு தலைவலி மாத்திரை வாங்கினது கிடையாது" என்று கீழே மருந்துக்கடைக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார். அக்கா காதில் அது விழுந்தால் பெருமை பிடிபடாது.

"எனக்கு உடம்புக்கு வந்ததே இல்ல. இரும்பு" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே புளுகுவாள். தும்முவாள், இருமுவாள், மூக்கைச் சிந்திக்கொண்டே காலர் வைப்பாள். கேட்டால் துணித் தூசி என்பாள். வருஷத்தில் பத்து நாள் அந்தத் தூசி உடம்பில் காய்ச்சலாகக் கொதிக்கும். அப்போதும் காலை எட்டரைக்குக் கதவைத் திறப்பது அவள்தான்.

இந்த வீம்புக்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் நூறு மெஷின் ஓடும் ஒரு பெரிய தையல் ஆலையில் அவள் வேலை பார்த்தாள். வரிசையில் பதினேழாவது மெஷின் அவளுடையது. ஒரு சனிக்கிழமை ஊசியில் நீல நூலைக் கோத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனவளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. நாலாம் நாள் காலை ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றால், பதினேழாவது மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் சிவப்பு நூல். சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீதான் வரலையேம்மா" என்றார். அந்த ஆளைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அவர் தலைக்கு மேலும் யாராவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்பு நூல் அக்காவின் மனசில் தைத்தது தைத்ததுதான். இனி உடம்புக்கு வராது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். உடம்பைக் கேட்காமலே முடிவு செய்தாள்.

வாய்த்த புருஷனோ நேர் எதிர். அவர் பஸ் டிரைவர், சம்பளத்தோடு லீவு உள்ள வேலை. இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல வந்தால் மூன்றாவது தும்மலுக்குள் லீவு எழுதிவிடுவார்.

"பஸ்ஸுக்காவது ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும். எனக்கு எங்க போய் வாங்குவே?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்பார்.

"உங்களுக்கென்ன, நீங்க போகலேன்னாலும் பஸ் போகும்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கடையில் அவளோடு மூன்று பேர். வெட்டும் மாஸ்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அந்தக் கடையில் அது உறவல்ல, பதவி. இரண்டாவது மெஷினில் இருப்பவனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நிறுத்தாமல் பேசுவான், யாரும் கேட்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. மூலை ஸ்டூலில் அக்காவின் அண்ணி. கை மெதுவு. ஆனால் அவள் வைத்த பட்டன் கோட்டு கிழிந்தாலும் விழாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குப் புதுச் சட்டம் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி, உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கும் அதற்குக் கீழே போகக்கூடாது. வருஷத்துக்கு ஏழு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. பெரிய ஆலைகளுக்கு மட்டுமல்ல, மூன்று பேரை வைத்து வேலை வாங்கும் கடைக்கும் உண்டு. அறிவிப்புத் தாளை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும்.

அக்கா பயந்துபோய்க் கணக்குப் போட்டாள். அண்ணியின் மெதுவான கைக்கும் மணிக்கூலி கொடுக்கவேண்டும். வராத நாளுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும். கோட்டுக்கு விலையை ஏற்றலாம் என்றால் பெரிய வாடிக்கையான மருத்துவமனை கைவிட்டுப் போனாலும் போகும். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். பொறாமை. எனக்கு யார் கொடுத்தார்கள் இந்த ஏழு நாள் என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வயதில் மூன்று நாள் கிடைக்காமல் போனவளுக்கு இது தோன்றாவிட்டால்தான் அதிசயம்.

தாளை ஒட்டினாள். ஒட்டும்போது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆணி அடிக்கிற மாதிரி நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "பாத்துக்கோங்க" என்றாள், அவ்வளவுதான். அன்று மத்தியானம் படிக்கட்டில் நின்று புருஷனிடம் போனில், "ஒரு ஆளை நிறுத்தாம சமாளிக்க முடியாது போலிருக்கு" என்றாள். படிக்கட்டில் பேசினால் உள்ளே நன்றாகக் கேட்கும் என்பது பதினாறு வருஷமாக அவளுக்குத் தெரியாது.

மூன்று மாதம் போனது. ஒருவர்கூட ஒரு நாள் லீவு போடவில்லை.

"எங்க கடையில யாருக்கும் நோயே வராது" என்று அக்கா மருந்துக்கடைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். அவர் வியாபாரம் போன துக்கத்தில் தலையாட்டினார்.

நாலாவது மாதம் மருத்துவமனையிலிருந்து நாற்பது கோட்டுக்கு ஆர்டர். வெள்ளிக்கிழமை கொடுத்துவிட வேண்டும். கூடவே புது விலையையும் அன்றைக்குத்தான் பேசவேண்டும். அந்த விலைக்கு அவர்கள் சம்மதித்தால் மூன்று பேரும் இருப்பார்கள். சம்மதிக்காவிட்டால் ஒருவரை அனுப்பவேண்டும், அது அண்ணிதான். அக்கா மூன்று இரவாகப் புரண்டு புரண்டு படுத்து அந்த முடிவுக்கு வந்திருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மாஸ்டர் வெட்டினார். இங்கே அவர் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோட்டுத் துணிக்கு முகம் உண்டு. முகப்பக்கம் சாய்கோடு பளிச்சென்று தெரியும், முதுகுப்பக்கம் மங்கலாக இருக்கும். மாஸ்டர் எப்போதும் துணியை மேசையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மடித்து மடித்து விரிப்பார், முகமும் முகமும் பார்த்தபடி அடுக்கு ஏறும். அப்படி விரித்து முன்பக்கத்துக்கான ஒரே ஒரு அளவு அட்டையை வைத்து வெட்டினால் போதும், பாதி இடது முன்பக்கமாகவும் பாதி வலது முன்பக்கமாகவும் தானாக வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்கிற வேலை.

செவ்வாய்க்கிழமை காலை ரேடியோ முன்பக்கங்களை எடுத்து ஜோடி சேர்க்க உட்கார்ந்தான். ஒன்றை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான். கட்டைப் புரட்டினான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். ஒரு வாரமாக வாயே திறக்காதவன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் வலது பக்கம் கிடையாதா?"

அக்கா எழுந்து வந்து பார்த்தாள். எண்பது முன்பக்கம். எண்பதும் இடது. மாஸ்டர் எல்லா அடுக்கையும் முகம் மேலே பார்க்க விரித்து வெட்டித் தள்ளியிருந்தார். மேசைமேல் நாற்பது கோட்டுக்கான இடது பக்கமும், யாருக்குமே தேவைப்படாத இன்னும் நாற்பது இடது பக்கமும் அழகாக அடுக்கியிருந்தன.

அக்காவுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. "மாஸ்டர்" என்று கத்த வாயெடுத்தவள், அட்டையைப் பிடுங்கப்போய் அவர் கையைத் தொட்டுவிட்டாள். கை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்து."

"ஏன் சொல்லல? அதான் லீவு இருக்கே, செவுத்துல ஒட்டியிருக்கே."

மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "ஒட்டியிருக்கு. நீங்க ஒட்டினப்போ உங்க முகத்தையும் பாத்தேன்."

அக்கா அந்தத் தாளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு ஆளை நிறுத்தப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். படிக்கட்டுல பேசினா கேக்கும் அக்கா. நான் ரெண்டு நாள் படுத்தா இந்த மேசைகிட்ட வேற ஒருத்தன் வந்து நிப்பான். அதான் வந்துட்டேன்."

"அது நீங்களா? நான்தான்னு நெனச்சேன்" என்றான் ரேடியோ. பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையைக் கக்கினான். ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல் வலி, வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு உயிர் போகிறது. ஒரு வாரமாக ரேடியோ பாடவில்லையே, ஏன் என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூலையிலிருந்து அண்ணி மெதுவாக, "எனக்குப் போன மாசம் கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. நாலு நாள் பட்டனைத் தடவிப் பாத்துத்தான் தெச்சேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணும் விழுந்திருக்காது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நோயே வராத கடை. அதன் லட்சணம் கட்டுக் கட்டாக மேசைமேல் கிடந்தது, எல்லாம் இடது பக்கமாக. மாஸ்டர் மூன்று நாள் வீட்டில் படுத்திருந்தால் மூன்று நாள் சம்பளம். படுக்காமல் வந்ததில் அதைவிட எவ்வளவோ அதிகப் பணத்துக்குத் துணி வீணாகிவிட்டது. ஆனால் அவளை உறுத்தியது துணி அல்ல. தன் கடையிலேயே மூன்று பேரும் சிவப்பு நூலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், பயமுறுத்தினது தான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரையும் நிறுத்தப்போறதில்ல" என்றாள். "வெலை படியலேன்னா வேற ஆர்டர் தேடுவோம். மாஸ்டர், நீங்க வீட்டுக்குப் போங்க."

"துணிய யாரு வெட்டறது?"

"நான் வெட்டறேன். உங்க கத்திரிய நான் தொடமாட்டேன்."

வெட்டுகிற ஆளின் கத்திரியை இன்னொருவர் தொடுவது அந்தத் தொழிலில் கிடையாது. ஆனாலும் மாஸ்டர் அசையவில்லை. அக்கா தன் கை படாமல் கத்திரியை ஒரு துணியால் சுற்றி எடுத்து, அவர் கையில் வைத்தாள்.

"வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. நீங்க கொண்டுவர்ற வரைக்கும் இந்த மேசைக்கு வேற கத்திரி வராது. வெட்டற மெஷின் போதும் எனக்கு."

மாஸ்டர் கத்திரியைக் குழந்தையைப் போல இடுப்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அக்கா பின்னாலேயே இறங்கிப்போய், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி அவரிடம் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். காசு வாங்க மறந்துபோய்ப் பிறகு படியேறி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

வலது பக்கத்துக்குப் புதுத் துணி வந்தது. விரிக்க அந்தக் கோடியில் ஒரு ஆள் வேண்டும். புருஷன் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார், லீவு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? ஒவ்வொரு அடுக்குக்கும், "முகம் மேலயா கீழயா?" என்று கேட்டுக் கேட்டு அக்காவின் உயிரை வாங்கினார்.

"வெட்டறது நாப்பதும் வலதுதான். எல்லாமே மேல. அட்டையத்தான் திருப்பி வைக்கப்போறேன். எத்தனை தடவை சொல்றது?"

"மாஸ்டரும் இப்படித்தான் நெனச்சிருப்பாரு" என்றார். ரேடியோ பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்ததும் வலி தாங்காமல் உட்கார்ந்தான், அதைப் பார்த்து அண்ணி ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வருஷக்கணக்காகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பது கோட்டும் மருத்துவமனைக் கொள்முதல் அறையின் மேசைமேல் இருந்தன. கொள்முதல் அதிகாரியம்மா ஒரு கோட்டை எடுத்துப் பட்டனை இழுத்துப் பார்த்தார். அது வருமா? அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு புது விலையைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இந்த மாசம் இன்னும் மூணு பேர் வெலை குடுத்திருக்காங்க. மூணு பேரும் ஏத்தித்தான் குடுத்திருக்காங்க" என்றார் அதிகாரியம்மா. "சட்டம் உங்க ஒருத்தருக்கா போட்டாங்க? எல்லாருக்கும்தானே. நீங்கதான் சொன்ன நாள்ல கொண்டு வந்திருக்கீங்க. அடுத்த மாசம் அறுபது தெச்சுக் குடுங்க."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறாமல் கடைவரைக்கும் நடந்தே வந்தாள். இதைவைத்து எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் கதைவிடமாட்டேன். இரண்டு சின்ன வாடிக்கைகள் விலையைக் கேட்டுவிட்டுப் போனவை திரும்பி வரவில்லை. புது ஓவர்லாக் மெஷின் வாங்கும் ஆசையை அக்கா அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தாள். ஆனால் அண்ணி மூலை ஸ்டூலிலேயே இருந்தாள், அக்காவால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது. மாஸ்டர் கத்திரியோடு திரும்பி வந்தார். ரேடியோ பல்லைப் பிடுங்கிக்கொண்டு, சம்பளத்தோடு ஒரு நாள் படுத்துவிட்டு வந்து, பிடுங்கின கதையை மூன்று நாள் ஒலிபரப்பினான்.

மிச்சமிருந்த நாற்பது இடது பக்கத்தை அக்கா வீணாக்கவில்லை. காலராகவும் பையாகவும் கொஞ்சம் போனது. மெஷின்களுக்கெல்லாம் தூசி படாமல் இளநீல உறை தைத்தாள். ஒன்றை மட்டும் வெட்டாமல், மார்புப் பை தைத்து, சட்ட அறிவிப்புத் தாளுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். உடம்பு சரியில்லாதவர் சீட்டு எழுதி அந்தப் பையில் போட்டுவிட்டுப் போகலாம். யாரிடமும் முகம் பார்த்துக் கேட்கவேண்டாம்.

"என் முகம்தான் சரியில்லையே" என்றாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. அக்கா ஒரு கோட்டுக்குக் கைப்பகுதியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. தையல் கோணிக்கொண்டு போனது, பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடியும் கோணிக்கொண்டு போனது.

"காய்ச்சல்" என்றார் மாஸ்டர், மேசையிலிருந்து.

"தூசி."

"இன்னிக்குத் தூசி நூத்திரண்டு டிகிரி இருக்கும்" என்றான் ரேடியோ. அண்ணி எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சீட்டை எடுத்து, 'அக்காவுக்குக் காய்ச்சல். மூணு நாள்' என்று தன் மெதுவான கையால் எழுதி, சுவரிலிருந்த பையில் போட்டாள்.

"மொதலாளிக்கு ஏது லீவு? சட்டத்துல அப்படி இல்ல" என்றாள் அக்கா. எழுந்திருக்கவில்லை. மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதில் சொந்தக் கடையில் சொந்த மெஷினை யார் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள்? அது அறிவுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் வந்தார். குனிந்து, ஊசித் தட்டுக்குக் கீழே கைவிட்டு, அடிநூல் சுற்றியிருக்கும் பாபின் கேஸைக் கழற்றினார். கட்டைவிரல் அளவு இரும்பு. அது இல்லாமல் எந்த மெஷினிலும் ஒரு தையல் விழாது. அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க அக்கா. நீங்க கொண்டுவர்ற வரைக்கும் இதுல யாரும் உக்கார முடியாது."

அக்கா அழுதாள். இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

வீட்டில் புருஷன் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பகல் பதினொன்றரை. "வா, வா. இது எப்படிப் போடறதுன்னு நான் சொல்லித்தரேன்" என்று போர்வையை உதறி விரித்தார். மூன்று நாள் படுத்தாள். தன் வீட்டுத் தெருவில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு புறாக்கூட்டம் எதிர்வீட்டு மாடியில் வந்து இறங்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாபின் கேஸ் தலைமாட்டில் மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் நாள் நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் ஒரு தடவை. மூன்றாம் நாள் மறந்தே போனாள்.

நாலாம் நாள் காலை கடைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. ரேடியோவின் குரல் படிக்கட்டுவரை கேட்டது. அக்கா ஜன்னல் ஓரம் போய் மெஷின்மேல் கிடந்த இளநீல உறையை எடுத்தாள். பாபின் கேஸைக் கீழே செருகினாள், 'டக்' என்று உட்கார்ந்தது. ஊசியில் அவள் கோத்துவிட்டுப் போன நீல நூல் அப்படியே இருந்தது.